வால்வு ஆம்ப்ளிஃபயரின் குமிழ்கள்: சேலத்துக் கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரை முதன்முதலாக வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ட்ரெபிளை (உயர் ஒலிக்கான குமிழை) எத்தனையில் வைக்க வேண்டும்?" ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எண் அம்மாப்பேட்டையின் ஒரு மாடி அறையில் ஒரு விதமாகவும், நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் திருமண மண்டபத்தில் வேறு விதமாகவும், ஏற்காட்டின் திறந்த புல்வெளியில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். எண்ணைவிடப் பயனுள்ள ஒன்றை நான் சொல்லித்தர விரும்புகிறேன். கிட்டாரிலிருந்து புறப்படும் சிக்னல், ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு பாதையில் பயணித்து ஸ்பீக்கரை அடைகிறது. நீங்கள் திருப்பும் குமிழ் அந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த ஆம்ப்ளிஃபயரின் முன் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் உங்கள் ஒலியை எடுத்துவிடலாம்.

பாதை இதுதான். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பிக்கப்பிலிருந்து மில்லிவோல்ட் கணக்கில் வரும் சிக்னல், அதை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் வால்வுகளுக்குப் போகிறது. விரல் நீளமுள்ள இந்தச் சிறிய வால்வுகள் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 வகை. ஐரோப்பாவில் இதையே இசிசி83 என்பார்கள். உயர், நடு, தாழ்ந்த ஒலிகளுக்கான ட்ரெபிள், மிடில், பேஸ் ஆகிய மூன்று டோன் குமிழ்களும் இந்தக் கட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். அதன் பிறகு சிக்னல், ஸ்பீக்கரை ஓட்டும் வலுவைத் தரும் பவர் வால்வுகளுக்குப் போகிறது. இஎல்84, இஎல்34, 6வி6, 6எல்6 என்று நீங்கள் கேள்விப்படும் பெரிய வால்வுகள் இவை. அங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாக ஸ்பீக்கர். முகப்பில் குமிழ்கள் எந்த வரிசையில் இருந்தாலும் உள்ளே பாதை இதே வரிசையில்தான் ஓடுகிறது.

பிளக்கைச் செருகும் முன்

ஒலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மின்சாரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் ஊரில் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பழுதாவதற்கு இசைப்பவரின் கைகளைவிட மண்டபத்தின் பிளக் பாயிண்ட்தான் அதிகக் காரணம்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்கப்படுபவை 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆம்ப்ளிஃபயரை நம் 230 வோல்டில் அப்படியே செருகினால், ஃப்யூஸ் மட்டும் போனால் நல்ல காலம். அதற்குத் தகுந்த வாட் திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதையும் மறக்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட டிரான்ஸ்பார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும்.

அடுத்து, மண்டபத்து மின்சாரத்தை ஒரு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கோடைக்கால மாலையில், ஏசி அனைத்தும் ஓடும் நேரத்தில், 190 வோல்ட் வரை இறங்கிவிட்டால் வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்குக் கிடைக்க வேண்டிய 6.3 வோல்ட் ஏறக்குறைய 5.2 ஆகிவிடும். வால்வு முழுமையாகச் சூடாகாது. ஒலி மந்தமாகும், வால்வின் ஆயுளும் குறையும். தொடர்ந்து கச்சேரி செய்பவர்கள் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிவிடுவது நல்லது. வீட்டில் இன்வெர்ட்டரில் வாசிக்க விரும்பினால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் முழுக்க ரீங்காரம்தான் கேட்கும்.

எர்த் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். ரீங்காரம் குறைகிறது என்பதற்காக எர்த் முள்ளை எடுத்துவிட்ட பிளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது. மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே இருக்காது என்பதையும் கவனியுங்கள். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு இது உயிர் விஷயம்: ஆம்ப்ளிஃபயர் ஒரு லைனிலும் மைக் செட் வேறொரு லைனிலும் இருந்து, எர்த் சரியில்லாமல் போனால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும் நொடியில் ஷாக் அடிக்கும். கச்சேரிக்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயர், பெடல்கள், மைக் மிக்ஸர் அனைத்தையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தால் இந்த ஆபத்தும் ரீங்காரமும் சேர்ந்தே குறையும்.

ஸ்பீக்கர் இணைப்பு

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் இயக்காதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வால்வு ஆம்ப்ளிஃபயரில், சிக்னலின் ஆற்றல் போக வழியில்லாமல் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மிக உயர்ந்த வோல்டேஜாக எழும்பும். டிரான்ஸ்பார்மரின் சுற்று எரிந்துபோக அது போதும். ஆம்ப்ளிஃபயரிலேயே விலை உயர்ந்த உதிரிபாகங்களில் அது ஒன்று.

பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று ஒரு செலக்டர் இருக்கும். அதை ஸ்பீக்கர் பெட்டியான கேபினட்டின் ஓமுக்குச் சமமாக வையுங்கள். இரண்டு கேபினட்டுகளை இணையாக மாட்டினால் ஓம் பாதியாகும்: இரண்டு 16 ஓம் சேர்ந்தால் 8, இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4. செலக்டரைத் திருப்புவது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கும்போது மட்டுமே. கேபினட்டுக்குப் போகும் கேபிள், ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அதன் உள் கம்பி மெல்லியது, அத்தனை மின்னோட்டத்தைத் தாங்காது.

இயக்கும் வரிசை

வால்யூம், மாஸ்டர் அனைத்தும் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு உயர் வோல்டேஜை நிறுத்திவைக்கும் ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் ஸ்டாண்ட்பையில் இருக்கட்டும். பவரைப் போடுங்கள். ஹீட்டர்கள் சிவந்து சூடாக ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு ஸ்டாண்ட்பையைத் தள்ளி ஒலியை எழுப்புங்கள். ஸ்டாண்ட்பையே இல்லாத ஆம்ப்ளிஃபயர்களும் உண்டு. அவற்றில் காத்திருந்தாலே போதும். இடைவேளையில் பத்து நிமிடம் ஸ்டாண்ட்பையில் வைக்கலாம். மணமக்கள் ஊர்வலம் முடியட்டும் என்று மணிக்கணக்கில் அப்படியே விட வேண்டாம். ஹீட்டர் எரிய, மின்னோட்டம் ஓடாமல் நெடுநேரம் கிடந்தால் எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடு மெல்லச் சோர்ந்துபோகும். அதைவிட முழுவதும் அணைத்துவிடுவது நல்லது.

நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறினால், உடனே பவர் ஸ்விட்சை அணையுங்கள். ஜெனரேட்டர் நிலைபெற்ற பிறகு மேலே சொன்ன வரிசையில் மீண்டும் போடுங்கள்.

எந்த இன்புட்?

இரண்டு இன்புட் இருந்தால், ஒன்று முழு உணர்திறன் கொண்டது, மற்றது சிக்னலை ஏறக்குறைய பாதியாக, அதாவது 6 டெசிபெல், குறைத்து எடுக்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் முதல் வால்வையே திணறடித்துச் சுத்தமான ஒலி கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதில் செருகுங்கள். மற்றபடி முதல் இன்புட்தான். பிரைட் என்ற ஸ்விட்ச் இருந்தால், அது வால்யூம் குமிழைத் தாண்டி உயர் அதிர்வெண்களை மட்டும் கடத்தும் ஒரு சிறு கெப்பாசிட்டர். வால்யூம் குறைவாக இருக்கும்போது அதன் விளைவு பளிச்சென்று தெரியும், வால்யூமைக் கூட்டக் கூட்ட மங்கும், வால்யூமைப் பத்தில் வைத்தால் விளைவே இருக்காது. வீட்டில் அழகாக இருந்த பிரைட், மேடையில் எங்கே போனது என்று தேடுபவர்களுக்கு விடை இதுதான்.

கெயினும் மாஸ்டரும்

இனி ஒலி. கிட்டாரின் வால்யூமையும் டோனையும் முழுவதும் திறந்து வையுங்கள். பெடல்கள் அனைத்தையும் அணையுங்கள். ரிவெர்ப், பிரெசன்ஸ் இரண்டும் பூஜ்யம். ட்ரெபிள், மிடில், பேஸ் மூன்றும் நடுவில்.

1950-களிலும் 60-களிலும் வந்த ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஒரே வால்யூம்தான். அதைக் கூட்டினால் ஒலி பெரிதாகும், ஒரு கட்டத்துக்கு மேல் பெரிதாவது நின்று, சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவுதான் ராக் இசைக்கே குரலைக் கொடுத்தது. ஆனால் அதைப் பெற வேண்டுமானால் காது கிழியும் சத்தம் வேண்டியிருந்தது. மார்ஷல் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த 2203 போன்றவற்றில் மாஸ்டர் வால்யூம் தனியாக வந்தது. ப்ரீஆம்ப் வால்வுகளைக் கெயின் (ப்ரீஆம்பில் சிக்னலின் அளவைக் கூட்டும் குமிழ்) மூலம் சிதைய வைத்து, பவர் வால்வுகளுக்குப் போகும் அளவை மாஸ்டர் மூலம் கட்டுப்படுத்தலாம்.

இரண்டு சிதைவுகளும் ஒன்றல்ல. ப்ரீஆம்ப் சிதைவு இறுக்கமாக, பொடியாக, சற்றே ரீங்கரிப்பது போலக் கேட்கும். பவர் வால்வுகளின் சிதைவு அகலமாக, விரல் அழுத்தத்துக்கு உடனுக்குடன் வளைந்து கொடுக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். கெயின் இரண்டில், மாஸ்டர் எட்டில் வைத்து ஒரு முறை. கெயின் எட்டில், மாஸ்டர் இரண்டில் வைத்து ஒரு முறை. சத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் தன்மை வேறாக இருக்கும். இந்தப் பயிற்சிக்குச் செலவிடும் அரை மணி நேரம் புதிய பெடல் வாங்குவதைவிட மேலானது.

சுத்தமான ஒலிக்கு: மாஸ்டரை உயர்த்தி வைத்துவிட்டு, தேவையான சத்தம் வரும்வரை கெயினைக் கூட்டுங்கள். சற்றே கரகரக்கும் ஒலிக்கு: மாஸ்டரைத் தாழ்த்திவிட்டு, மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் சிதைந்தும் ஒலிக்கும் எல்லைக்குக் கெயினைக் கொண்டுவந்து, பிறகு மாஸ்டரால் சத்தத்தைத் தீர்மானியுங்கள். லீட் வாசிக்க நீண்ட இழுப்பு தேவை என்றால் கெயினை இன்னும் சற்று உயர்த்தலாம். என் கருத்தில் பெரும்பாலான இளைஞர்கள் கெயினைத் தேவைக்குமேல் வைத்திருக்கிறார்கள். தனியாக வாசிக்கும்போது அது நிறைவாகத் தெரியும். கீபோர்டும் ட்ரம்ஸும் சேர்ந்த பிறகு, சிக்னல் நசுங்கித் தட்டையாகிப்போனதால் கிட்டார் காணாமல் போகும். நிறைவாக இருக்கிறது என்று தோன்றும் அளவிலிருந்து கொஞ்சம் குறைத்துவிட்டு மேடை ஏறுங்கள்.

குமிழின் எண்களும் சமமாகப் பிரிந்தவை அல்ல. பல ஆம்ப்ளிஃபயர்களில் வால்யூம் நான்கைத் தொடுவதற்குள் சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிடும், அதற்கு மேல் ஏறுவது சிதைவுதான். வாட் எண்ணும் அப்படித்தான் ஏமாற்றும். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் இடையே வெறும் 3 டெசிபெல். இரு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற வேண்டும் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. மைக் செட் இருக்கும் மண்டபத்துக்கு 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் தாராளமாகப் போதும். 100 வாட் வாங்கி அதை ஒன்றில் வைத்து வாசிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொரு குமிழ் உங்கள் கையிலேயே இருக்கிறது: கிட்டாரின் வால்யூம். ஆம்ப்ளிஃபயரைச் சிதைவின் எல்லைக்குச் சற்று மேலே வைத்துவிட்டு, பாடலின் பல்லவியில் கிட்டார் வால்யூமை ஏழுக்கு இறக்கினால் சுத்தமான ஒலி, இடையிசையில் பத்துக்கு ஏற்றினால் கரகரப்பு. வால்வு ஆம்ப்ளிஃபயர் இதற்கு அவ்வளவு நுட்பமாகப் பதில் சொல்லும். பாதையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் குமிழ் அதுதான்.

ட்ரெபிள், மிடில், பேஸ்

இந்த மூன்றும் தனித்தனிக் குமிழ்கள் போலத் தெரிந்தாலும் ஒரே வலைப்பின்னலின் உறுப்புகள். இவற்றில் எதுவும் ஒலியைக் கூட்டுவதில்லை, எல்லாமே கழிக்கும் வேலையைத்தான் செய்கின்றன. ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் மூன்றையும் பூஜ்யத்துக்கு இறக்கினால் ஒலியே ஏறக்குறைய நின்றுவிடும். மூன்றையும் நடுவில் வைத்தால் சமமான ஒலி என்று நினைப்பதும் தவறு. அந்த வகை ஆம்ப்ளிஃபயரில் நடுநிலையில் நடு அதிர்வெண்கள் குழிந்துதான் இருக்கும். ஓரளவு சமமான ஒலி வேண்டுமானால் மிடிலை முழுவதும் ஏற்றி, ட்ரெபிளையும் பேஸையும் இரண்டு, மூன்றுக்கு இறக்க வேண்டும். ஒரு முறை அப்படி வைத்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கிட்டாரின் மரத்தையும் பிக்கப்பையும் முதன்முதலாகக் கேட்பது போல இருக்கும்.

மூன்றில் ட்ரெபிள்தான் தலைமை. அதை மிக உயர்த்திவிட்டால் மிடிலும் பேஸும் திருப்பினாலும் பெரிதாக எதுவும் மாறாது. எனவே ட்ரெபிளை முதலில் நிறுத்துங்கள், பிறகு மிடில், கடைசியாக பேஸ். ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் ட்ரெபிளுக்குத் திரும்பிச் சரிபாருங்கள், ஏனெனில் ஒன்றை மாற்றினால் மற்றவையும் சற்று நகரும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் இடம். இந்த மூன்று குமிழ்களும் பாதையில் சிதைவுக்கு முன்னால் இருக்கின்றனவா, பின்னாலா? 1960-களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில் முதல் வால்வுக்கு அடுத்தபடியாகவே, வால்யூமுக்கு முன்னால் இவை இருக்கின்றன. அங்கே பேஸை ஏற்றினால், அந்தக் கனத்த தாழ்ந்த ஒலி பின்னால் வரும் வால்வுகளைத் திணறடித்து, சிதைவைக் குழைவாக்கிவிடும். எனவே வால்யூமை உயர்த்தும்போது பேஸை இறக்கியே தீர வேண்டும். மார்ஷல் வகையில் இவை ப்ரீஆம்ப் வால்வுகளின் சிதைவுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே பேஸைக் கூட்டினால் ஏற்கெனவே உருவான சிதைவின் நிறம் மட்டும் மாறும். இத்தனைக்கும் மார்ஷலின் முதல் ஆம்ப்ளிஃபயர், 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில், ஃபெண்டரின் 1950-களின் இறுதிக்கால பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரின் சுற்றைப் பார்த்து உருவானதுதான். அந்த பேஸ்மேனில் டோன் குமிழ்கள் வால்யூமுக்குப் பின்னால் இருந்தன, பிற்கால ஃபெண்டர்களில் முன்னால் நகர்ந்தன. மெசா பூகி மார்க் வரிசையில் டோன் குமிழ்கள் சிதைவுக்கு முன்னால் இருப்பதால், அவற்றில் பேஸை இரண்டுக்குக் கீழே வைத்துவிட்டு, பின்னால் வரும் கிராஃபிக் ஈக்வலைசரில் தாழ்ந்த ஒலியைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம்.

உங்கள் ஆம்ப்ளிஃபயர் எந்த வகை என்று தெரியாவிட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. கெயினை உயர்த்தி, தாழ்ந்த இ கம்பியில் ஒரு பவர் கார்டை மீட்டுங்கள். பேஸைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குத் திருப்பும்போது சிதைவின் அளவே கூடிக் குழைந்தால் குமிழ் முன்னால் இருக்கிறது. சிதைவு அப்படியே இருந்து கனம் மட்டும் கூடினால் பின்னால் இருக்கிறது.

மெல்லிசைக் குழுவில் கிட்டாரின் இடம் நடு அதிர்வெண்களில்தான். கீழே பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும், மேலே சிம்பலும் பாடகரின் குரலின் தெளிவும் இடம் பிடித்துவிடும். மிடிலைக் குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிய ஒலி வீட்டில் இனிமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் கூடியதும் காதின் கணக்கு மாறும், வீட்டில் ஏற்றிய பேஸ் மண்டபத்தில் இரைச்சலாகும். எனவே டோன் குமிழ்களை மேடைச் சத்தத்தில், மேடையிலேயே, குழு வாசிக்கும்போதே இறுதி செய்யுங்கள். மிடிலைக் கூட்டத் தயங்க வேண்டாம்.

பிரெசன்ஸ், ரெசனன்ஸ், கட்

பவர் ஆம்ப் பகுதியில் வேலை செய்பவை இவை. பல ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, எதிர்மறைப் பின்னூட்டமாகச் சேர்த்து ஒலியை ஒழுங்குபடுத்துவார்கள். பிரெசன்ஸ், அந்தப் பின்னூட்டத்திலிருந்து உயர் அதிர்வெண்களை விலக்குகிறது. அதனால் அந்த அதிர்வெண்கள் கட்டுப்பாடு தளர்ந்து முன்னே வருகின்றன. ரெசனன்ஸ் அல்லது டெப்த் இதையே தாழ்ந்த அதிர்வெண்களுக்குச் செய்கிறது. குறைந்த சத்தத்தில் இவற்றின் வேலை அவ்வளவாகத் தெரியாது. மேடையில், மற்றவை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத் தொடுங்கள். வாக்ஸ் ஏசி30-இல் எதிர்மறைப் பின்னூட்டமே இல்லை. அதில் உள்ள கட் குமிழ் தலைகீழாக வேலை செய்யும்: வலப்பக்கம் திருப்பத் திருப்ப உயர் ஒலி குறையும்.

ரிவெர்ப், ட்ரெமோலோ, எஃபெக்ட்ஸ் லூப்

ஸ்பிரிங் ரிவெர்ப் உண்மையான சுருள்கம்பிகளைக் கொண்டது. ஆம்ப்ளிஃபயரைத் தட்டினால் இடி இடித்தது போல ஒலிக்கும், ஆட்டம் காணும் மேடையில் ட்ரம்ஸின் அதிர்வே அதை எழுப்பிவிடலாம். மூன்றுக்கு மேல் தேவைப்படுவது அரிது. சத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவில் வேகத்தைப் பாடலின் தாளத்தோடு பொருத்துங்கள், ஆழத்தைப் பிறகு கூட்டுங்கள்.

ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே பெடல்களை இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால், எக்கோவும் டிலேயும் ரிவெர்ப் பெடலும் அதில் போகட்டும். வா-வா, ஓவர்டிரைவ் ஆகியவை கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருக்கட்டும். எக்கோவைச் சிதைவுக்கு முன்னால் வைத்தால் ஒவ்வோர் எதிரொலியும் சிதைந்து ஒன்றோடொன்று கலங்கிவிடும்.

இடத்துக்கு ஏற்றபடி

மண்டபம். மேடையின் பின்திரைக்கும் பூ அலங்காரத்துக்கும் உள்ளே ஆம்ப்ளிஃபயரைச் செருகிவைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சேலத்து ஏப்ரல் வெயிலில், துணி மூடிய பின்புறத்தோடு, வால்வுகள் மூச்சுத் திணறும். பின்னால் ஓர் அடியாவது இடம் விடுங்கள். துணி எதுவும் தொடக்கூடாது. திறந்த பின்புறம் கொண்ட கேபினட் என்றால் இந்த இடைவெளி ஒலிக்கும் உதவும், ஏனெனில் பின்னால் வரும் ஒலி சுவரில் பட்டு பேஸைக் கூட்டுகிறது. சுவரை நெருக்கினால் கனம் கூடும், விலக்கினால் தெளிவு கூடும்.

கிட்டார் ஸ்பீக்கரின் உயர் ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாய்கிறது. தரையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் அருகே நிற்பவரின் முழங்காலுக்குத்தான் அது போகும். காதுக்குக் கேட்கவில்லை என்று அவர் ட்ரெபிளைக் கூட்ட, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆம்ப்ளிஃபயரைப் பின்னால் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போதே ட்ரெபிளைக் குறைக்கத் தோன்றும்.

ஆடித் திருவிழா மேடைகளில் சீரியல் விளக்குகளும் டிம்மர்களும் சூழ இருக்கும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் அவற்றின் ரீங்காரத்தை அப்படியே பிடிக்கும். இதற்கு ஆம்ப்ளிஃபயரில் மருந்து இல்லை. நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றிப் பார்த்தால், ரீங்காரம் ஏறக்குறைய அடங்கும் ஒரு திசை கிடைக்கும். அந்தத் திசையில் நின்று வாசியுங்கள்.

தேவாலயம். உயரமான கூரையும் கல் சுவரும் தருகிற எதிரொலியே போதும். ரிவெர்ப் பூஜ்யம், பேஸ் குறைவு, கெயின் குறைவு.

ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மே மாதக் கோடை விழாக் காலத்தில், திறந்த புல்வெளிகளில் வாசிக்கும் வாய்ப்புகள் வரும். வெளியே சுவரும் கூரையும் இல்லாததால் பேஸ் கரைந்துபோகும், ஒலி வறண்டிருக்கும். இங்கே பேஸைச் சற்று ஏற்றலாம், ரிவெர்பையும் திறக்கலாம். சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாமல், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு மைக் வையுங்கள். பனி இறங்கும் மாலையில் ஆம்ப்ளிஃபயர் கூரைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். ஈரம் படிந்த சர்க்யூட்டில் 300 முதல் 500 வோல்ட் ஓடுவது நல்லதல்ல.

மைக் வைப்பது எளிது. ஷூர் எஸ்எம்57 போன்ற ஒன்றை ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு, மூன்று விரல் தொலைவில், கூம்பின் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே நிறுத்துங்கள். மையத்துக்கு நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், விளிம்புக்கு நகர்த்தினால் மென்மையாகும். டோன் குமிழைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்.

வீட்டில் இரவு நேரத்தில்

கிட்டார் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபெல் எழுப்புபவை. எனவே 15 வாட் ஆம்ப்ளிஃபயரும் சேலத்தின் குகைப் பகுதி, செவ்வாய்ப்பேட்டை போன்ற சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லைதான். பாதி வாட் ஸ்விட்ச் இருந்தாலும் குறைவது 3 டெசிபெல் மட்டுமே. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆற்றலில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும் அட்டெனுவேட்டர் ஒன்றை மாட்டினால் பவர் வால்வுகளின் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓரளவு பெறலாம். அதன் ஓமும் தாங்கும் வாட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்த வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்டரைத் தாழ்த்தி, ப்ரீஆம்ப் சிதைவோடு பயிற்சி செய்யுங்கள். அந்த அமைப்பை மேடைக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

அணைத்தல், எடுத்துச் செல்லுதல், பழுது

வால்யூமை இறக்கி, பவரை அணைத்து, பதினைந்து நிமிடமாவது ஆறவிட்டுப் பிறகு தூக்குங்கள். சூடான வால்வின் உள்ளுறுப்புகள் அதிர்வைத் தாங்காது. ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும்போது ஆம்ப்ளிஃபயர் சீட்டின் மேல், மெத்தையோடு இருக்கட்டும். மேலே ஏறும்போது வராத ஒரு தொல்லை கீழே இறங்கும்போது வரும்: ஏற்காட்டுக் குளிரில் இருந்த உலோகப் பகுதிகள் சேலத்தின் வெம்மையான ஈரக்காற்றைத் தொட்டதும் மேலே நீர் படியும். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றி, சில மணி நேரம் விட்டு, அதன் பிறகே இயக்குங்கள்.

பவர் வால்வின் கண்ணாடியில் நீல நிற ஒளி மினுங்கினால் கவலை வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகத் தகடே சிவந்து கனன்றால் உடனே அணைத்துவிடுங்கள். ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியர், அதே வகையில் மாற்றுங்கள். செப்புக் கம்பி சுற்றி ஓட்டுவது டிரான்ஸ்பார்மரை எரிப்பதற்கான வழி. ப்ரீஆம்ப் வால்வை ஆம்ப்ளிஃபயர் அணைந்து ஆறிய பிறகு நீங்களே மாற்றலாம். முதல் வால்வு 12ஏஎக்ஸ்7-ஆக இருந்து கெயின் அதிகமாகத் தோன்றினால் 5751 வகையைப் போட்டுப் பாருங்கள். முன்னதன் பெருக்கக் காரணி 100, பின்னதன் காரணி 70. பவர் வால்வுகளை ஜோடியாக மாற்ற வேண்டும், பல ஆம்ப்ளிஃபயர்களில் பயாஸையும் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை) சரிசெய்ய வேண்டும். அந்த வேலைக்குச் சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியான சேசியைத் திறக்க வேண்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால், அதை டெக்னீஷியனிடம் விடுங்கள். வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்துப் பழகிய பெரியவர் யாரையாவது தெரிந்தால் அவரை நம்பிக்கையோடு அணுகலாம், உயர் வோல்டேஜின் பழக்கம் அவருக்கு இருக்கும்.

அவரிடம் போகும் முன் ஒரு வேலை செய்துகொண்டு போங்கள். கரகரப்போ ரீங்காரமோ வரும்போது கிட்டாரைக் கழற்றிவிட்டு, குமிழ்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கெயினை இறக்கியதும் சத்தம் நின்றால் பழுது அதற்கு முன்னால், முதல் வால்வை ஒட்டி இருக்கிறது. கெயினுக்கு அசையாமல் மாஸ்டருக்கு அடங்கினால் இரண்டுக்கும் இடையில். எல்லாம் பூஜ்யத்தில் இருந்தும் சத்தம் தொடர்ந்தால் பவர் வால்வுகள் அல்லது மின்வழங்கியின் கெப்பாசிட்டர்கள். இதை ஒரு தாளில் எழுதி ஆம்ப்ளிஃபயரோடு கொடுத்துவிட்டால், அவர் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.